பரலில் விட்ட நல்லெண்ணெய்

ஒஸ்லோவில் புருசெத் தொடர்மாடிகளை விட்டு, நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் காணியும் வீடுமாக வாங்கிக்கொண்டு போன எங்கள் ஆட்களை எனக்குக் கண்டவுடன் அடையாளம் தெரியும். முன்பு கோயிலில் கண்டால் ஊர்ப் புதினம் கதைத்தவர்கள், வீடு வாங்கிய பிறகு புல்லைப் பற்றிக் கதைப்பார்கள். எந்த மெசின் நன்றாக வெட்டும், பாசி பிடித்தால் என்ன தூவ வேண்டும், பக்கத்து வீட்டு வெள்ளை எப்போது வெட்டுகிறான். கேட்க எனக்கு விசர் வரும். நான் இன்னும் நாலாம் மாடியில்தான் இருக்கிறேன். புல்லு கீழே இருக்கிறது, அதை வெட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

குலண்ணை மட்டும் போகமாட்டார் என்று நம்பியிருந்தேன். குலேந்திரன் என்பது முழுப்பெயர். என் எதிர்க்கதவுக்காரர். ஊரிலே உரும்பிராய்ச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு போட்ட குடும்பம். இங்கே ஒரு பெரிய சமையலறையில் இருபது வருடமாக உருளைக்கிழங்கு உரிக்கிறார். கிழங்கு தன்னை விடாது என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி யோகாம்பாள், எனக்கு யோகமக்கா, விடியப் பள்ளிக்கூடம் துப்புரவாக்கப் போய் மத்தியானத்துக்கு முன்னம் திரும்பிவிடுவா. என் வீட்டுக் கறிச்சட்டியில் பாதி நாளைக்கு அவவுடைய கறிதான் இருந்தது. அவர்கள் போனபோது எனக்கு நஷ்டம் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

அவர்கள் போனது புல்லுக்காக இல்லை, மகளுக்காக. தனுஷா எங்கள் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளை. சயூரன் என்ற நல்ல பெடியனைக் கட்டி ஸ்ட்ரோம்மனில், மாமியார் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதானே எங்கள் வழக்கம். புருசெத் வீட்டில் அறை இரண்டு, ஒன்றில் சாமிப்படமும் அரிசி மூட்டையும். பிள்ளைப்பெறு வீட்டை எங்கே வைப்பது என்று யோகமக்கா புறுபுறுத்துக்கொண்டே இருந்தா. ஆகவே கடன் எடுத்து வீடு. கீழ்த்தளத்தில் தோட்டம் பார்த்த அறை ஒன்றுக்கு மஞ்சள் நிறம் அடித்து, தொட்டில் பூட்டி, பத்தியச் சரக்குத்தூளும் வறுத்துப் போத்தலில் அடைத்து, மகள் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த ஆனி மாதமே எல்லாம் ஆயத்தம்.

அந்தக் கோடை மழைக்கோடை. ஒஸ்லோவில் வெயிலுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் வானத்தைத் திட்டினார்கள். யோகமக்கா மட்டும் சந்தோசமாக இருந்தா.

அதற்குக் காரணம் உண்டு. அவ புங்குடுதீவு. வீட்டுக் கிணற்றில் உப்புத்தண்ணி. குடிக்கிற தண்ணிக்கு ஊர்க்கோடியில் ஒரு நல்லதண்ணிக் கிணறு, அதிலே குடங்கள் வரிசையில் நிற்கும், குடத்துக்குச் சண்டை நடக்கும். அந்தக் காலத்தைப் பற்றி அவ ஆசையாக ஒரு நாளும் கதைத்தது கிடையாது. "உந்தச் சீவியத்தை நினைச்சாலே இடுப்பு நோகும்" என்பதோடு முடித்துக்கொள்ளுவா. ஆனால் நல்ல தண்ணியைக் கீழே விட அந்தக் கை விடாது. புருசெத்தில் அரிசி கழுவின தண்ணி பூச்சாடிக்கு, கீரை அலசின தண்ணி பாத்ரூமுக்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பல் விளக்கினதற்கு நான் அவவிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், அதுவும் என் வீட்டுக் குழாய்க்கு.

இப்போது அப்படிப்பட்ட மனுசிக்கு ஒரு கூரையும் கூரையைச் சுற்றித் தண்ணி இறங்கும் தகரப் பீலியும் கிடைத்திருக்கிறது. பீலியால் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாவா? பீலி இறங்குகிற மூலைக்கு ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். மற்ற மூலைக்கு இன்னொன்று. சமையலறைக் கழிவில் வந்த ஊறுகாய் வாளிகளைக் குலண்ணை வேலையிடத்தில் கேட்டுக் கொண்டுவந்தார், அவை மதில் ஓரம். பழைய குழந்தைத் தொட்டி ஒன்று, ஐஸ்கிரீம் பெட்டிகள், கறிவேப்பிலைச் சாடிகளுக்குக் கீழே தட்டுகள். எல்லாம் நிரம்பி மினுமினுவென்று நிற்கும். வருகிற ஆட்களை யோகமக்கா முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அதைத்தான். பேரப்பிள்ளையை முப்பத்தோராம் நாள் தலைக்கு வார்க்கிறது இந்த மழைத்தண்ணியில்தான், குழாய்த்தண்ணி தோலைக் காய வைக்கும் என்று சொல்லுவா. தலையாட்டாமல் தப்ப முடியாது.

நுளம்பு ஆடி தொடக்கத்தில் வந்தது.

நோர்வேயில் நுளம்பு இருக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய அவமரியாதை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் குளிருக்குள் வந்தோம், இது மட்டும் கூடவே வந்ததா என்று குலண்ணை கேட்டார். அதுவும் சின்ன நுளம்பு இல்லை. காலில் வெள்ளை வளையம் போட்ட தடித்த கொசுச் சாதி. பின்னேரம் கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் மாதிரி உள்ளே வரும்.

அந்த வீட்டிலே செய்யாத வைத்தியம் இல்லை. லண்டனில் இருந்து வேப்பிலை வந்தது. அதைச் சாம்பிராணிச் சட்டியில் போட்டு யோகமக்கா வீடெல்லாம் புகை காட்ட, கூரையில் இருந்த புகைக்கருவி அலறி, குலண்ணை கதிரை மேல் ஏறித் தும்புத்தடியால் அதை அடித்து வாயை மூடினார். நுளம்பு ஒரு கரையாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கடையில் வாங்கின மணத்தைலம். அதற்கு அடுத்த நாள் மின்சாரம் பாய்கிற ராக்கெட். குலண்ணை ஊரிலே பட்மின்ரன் ஆடினவர், அந்த ஒரு வாரம் அவருக்கு நல்ல சந்தோசம்.

அந்த வாரக் கடைசியில்தான் தனுஷா ஓர் இரவு தங்க வந்தாள். விடிய அவளுடைய இடது கண் இமை மூடிக்கொண்டு வீங்கியிருந்தது. கையெல்லாம் தடிப்பு. அவளுக்குச் சின்னனில் இருந்தே பூச்சிக்கடி ஒத்துக்கொள்ளாது. நான் அன்று மீனோடு போயிருந்தேன், கதவடியில் நின்று எல்லாம் கேட்டேன். அவள் கத்தவில்லை. ஒரு கையைக் கண்ணிலும் மற்றக் கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு மெல்லமாகத்தான் சொன்னாள்.

"அம்மா, நான் பெரியாள், எனக்குப் பரவாயில்லை. பேபியின்ரை முகத்திலை உப்பிடிக் கடிச்சா நான் என்ன செய்யிறது? யூர்மூரிட்டையும் கேட்டனான். நெட் போடுங்கோ, இல்லாட்டி வேறை இடத்திலை இருங்கோ எண்டு சொன்னவ. மாமி வீடு மூண்டாம் மாடி. அங்கை ஒரு மிக்கும் வாறேல்லை."

யூர்மூர் என்றால் பிள்ளைப்பெறு பார்க்கிற தாதி. மிக் என்றால் நுளம்பு. இரண்டும் யோகமக்காவுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். அவ உள்ளே போய் மகளுக்கு ஐஸ்கட்டி சுற்றின துணியைக் கொண்டுவந்தா. மகள் போன பிறகு மஞ்சள் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதற்கு வெளியே நிலத்தில் இருந்தா. வீட்டுக்குக் கடன்பட்டது பெரிதில்லை, பிள்ளை தன் பிள்ளையோடு சம்பந்தி வீட்டில் படுத்தால் இந்தச் சுவருக்கு ஏன் மஞ்சள் அடித்தது என்று கேட்டா.

ஆகவே யாரையாவது குற்றம் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டில் பியோர்க் என்ற மனுசி, தனியாள், தோட்டத்திலே ஒரு சின்னக் குளம் வெட்டித் தாமரை மாதிரி ஏதோ வளர்க்கிறா. தண்ணி தேங்கி நிற்கிற இடம் அதுதானே. குலண்ணைக்கு அது பிடித்துக்கொண்டது. மனுசியிடம் போய்ச் சொல்லத் தனக்கு நோர்வேஜியன் அவ்வளவு காணாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இருபது வருடம் அந்தப் பாசையில் கிழங்கு உரிக்கிற மனுசனுக்குக் கோபப்படத்தான் பாசை காணாது.

பியோர்க் எங்களைக் கண்டு சந்தோசப்பட்டுக் கோப்பி ஊற்றினா. குளத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் இன்னும் சந்தோசம். குலண்ணை குந்தியிருந்து தண்ணிக்குள் பார்த்தார், நானும் பார்த்தேன். சின்னச் சின்ன மீன்கள் ஓடித் திரிந்தன. ஒரு பூச்சி இல்லை, ஒரு புழு இல்லை. மீன் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று அவ சொன்னா. தனக்கும் இந்த வருடம் நுளம்பு கூடத்தான், ஏனென்று விளங்கவில்லை என்றும் சொன்னா. குலண்ணை கோப்பிக்கு நன்றி சொன்னார். போன வேலை அதோடு சரி.

திரும்பி வரும்போது கறிவேப்பிலைக்குத் தண்ணி விடுவம் என்று பரலுக்குள் பேணியை விட்டு அள்ளினார். அள்ளின கை அப்படியே நின்றது. பேணியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே நூல்துண்டு நீளத்தில் ஒரு கூட்டம் நெளிந்து நெளிந்து மேலே வந்து, வாலைத் தண்ணி மட்டத்தில் வைத்து மூச்சு எடுத்து, கை அசைய எல்லாம் ஒன்றாகக் கீழே ஓடின. குடம்பி, நுளம்பின் புழு. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் படம் கீறி நிறம் தீட்டினவர்கள் நாங்கள் இரண்டு பேரும். மற்றப் பரலைப் பார்த்தோம், அதிலும். ஊறுகாய் வாளி, தொட்டி, சாடித் தட்டு, எதையும் விட்டுவைக்கவில்லை. ஏணி வைத்து ஏறிப் பீலியைப் பார்த்தால் பைன் இலை அடைத்து அங்கேயும் ஒரு முழம் தண்ணி தேங்கி நிற்கிறது. முழுக் கோடையும் அந்த வீட்டுக்காரர் சொந்தச் செலவில் நுளம்பு வளர்த்திருக்கிறார்கள்.

"அக்காட்டைச் சொல்லுங்கோ" என்றேன்.

"நீ சொல்லு" என்றார்.

"உங்கடை மனிசி, நீங்கள் சொல்லுங்கோ."

"தம்பி, அவள் பேரப்பிள்ளைக்கெண்டு சேர்த்த தண்ணியடா. உதாலைதான் பிள்ளை வராமல் போகுதெண்டு என்ரை வாயாலை நான் எப்பிடிச் சொல்லுறது?"

பயம் ஒரு பங்கு, மனம் வராதது இரண்டு பங்கு. அது எனக்கு விளங்கியது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது, ஏனென்றால் தனியே விட்டால் அந்த மனுசனுக்கு யோசனை வரும்.

ஊரிலே மலேரியாக்காரர் வந்து குட்டைகளுக்கு எண்ணெய் விடுவதை அவர் சின்னனில் பார்த்திருக்கிறார். தண்ணி மேல் எண்ணெய் படர்ந்தால் குடம்பிக்கு மூச்சு முட்டும். எண்ணம் சரிதான். ஆனால் அவர்கள் விட்டது மண்ணெண்ணெய். கறிவேப்பிலைக்கு விடுகிற தண்ணியில் மண்ணெண்ணெய் விட்டால் மரம் பட்டுப்போகும் என்று குலண்ணை நுணுக்கமாக யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டு, யோகமக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்த நல்லெண்ணெய்ப் போத்தல்களைக் கொண்டுபோய்ப் பரல்களுக்கும் வாளிகளுக்கும் பகிர்ந்து ஊற்றியிருக்கிறார். வெறும் போத்தல்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். நான் தலையில் கை வைத்தேன்.

அந்த எண்ணெய் பத்திய எண்ணெய். பிள்ளை பெற்றதும் மகளுக்குக் கொடுக்கிற காய மருந்துக்கென்று யோகமக்கா பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தது.

வெள்ளிக்கிழமை யோகமக்கா முழுகினா. மழைத்தண்ணியில் தலை அலசினால் மயிர் பஞ்சு மாதிரி இருக்கும் என்பது அவவின் கொள்கை. அன்று நான் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிடப் போயிருந்தேன். குலண்ணை மேசையில் என் முன்னால் இருந்து, சாப்பிடாமல், பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. யோகமக்கா வந்தா. சீயக்காய் தேய்த்து முழுகின மனுசியின் தலையில் எண்ணெய் வடிந்து நெற்றியால் ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் வாளி. அதை மேசை மேல், என் பிட்டுக்குப் பக்கத்தில் வைத்தா.

"இஞ்சருங்கோ. உதுக்குள்ளை என்ன ஊத்தினனீங்கள்?"

குலண்ணை என்னைப் பார்த்தார். நான் பிட்டைப் பார்த்தேன்.

"மணந்து பாத்திட்டன். என்ரை நல்லெண்ணெய். பிள்ளைக்கெண்டு வைச்ச எண்ணெய். ஏன் ஊத்தினனீங்கள்? விசரே உங்களுக்கு?"

"விசரில்லை யோகம். கோவப்படாதையும். நுளம்பு உதுக்குள்ளையிருந்துதான் வருகுது."

"எதுக்குள்ளையிருந்து?"

"நீர் சேர்த்த தண்ணிக்குள்ளையிருந்து."

அவ சண்டை பிடிப்பா என்று நான் பிட்டுக்கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்ப ஆயத்தமாக இருந்தேன். அவ பிடிக்கவில்லை. காட்டுங்கோ என்றா. குலண்ணை எண்ணெய் விடாமல் தவறிப்போன ஒரு சாடித் தட்டில் இருந்து கண்ணாடிக் கிளாசில் தண்ணி அள்ளிக்கொண்டு வந்தார். யோகமக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கிளாசை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா. தலையில் இருந்து எண்ணெய் சொட்டியது, அதைத் துடைக்கவில்லை. நெளிகிறவற்றைப் பார்த்தா. அதிலே கூட்டுப்புழுவாகத் திரண்டிருந்த ஒன்று முதுகு வெடித்து, எங்கள் கண் முன்னாலேயே, வெள்ளை வளையக் காலை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தன் கோது மேலே நின்று காய்ந்தது. பிறகு பறந்தது. அது பறந்து போகும் வரைக்கும் அவ கிளாசை அசைக்கவில்லை.

"அப்ப நான்தான்" என்றா. "என்ரை பிள்ளையை நான்தான் வரவிடாமல் செய்து போட்டன்."

"உமக்குத் தெரியாதுதானே."

"தெரியாது. தண்ணியிலை கெட்டது வருமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. தண்ணி இல்லாட்டித்தான் கெட்டதெண்டு தெரியும்."

குலண்ணை எழும்பிப் போய்த் துவாய் எடுத்து வந்து அவவின் தலையைத் துடைத்துவிட்டார். நான் இருக்கிறேன் என்பதையும் பார்க்கவில்லை. இருபது வருடம் எதிர்க்கதவில் இருந்து காணாததை அன்று கண்டேன்.

பிறகு நடந்த வேலையைச் சொல்ல வேண்டும். தண்ணியை அப்படியே நிலத்தில் கவிழ்த்துவிடுங்கோ என்று நான் சொன்னதற்கு யோகமக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். எண்ணெய் கலந்தது தவிர ஒரு சொட்டும் வீணாகப் போகவில்லை. எண்ணெய்ப்படை போகட்டும் என்று மேல்தண்ணியை மட்டும் ஊற்றிவிட்டு, மிச்சம் முழுவதையும் பேணி பேணியாக மரங்களுக்கு விட்டா. தன் மரங்கள் போதாமல் பியோர்க்கின் ரோசாக்களுக்கும் தூக்கிக்கொண்டு போனா. காரணம் தெரியாமல் பியோர்க்கும் ஒரு வாளியோடு வந்து உதவி செய்தா. தண்ணியை மண் உறிஞ்சிவிட்டால் குடம்பி பிழைக்காது. குலண்ணை பீலி முழுக்க ஊர்ந்து பைன் இலை வழித்தார், நான் ஏணி பிடித்தேன். என் வாழ்க்கையில் பிடிக்கமாட்டேன் என்றிருந்த ஏணி. வாளிகளைக் கழுவி, கவிழ்த்து, கொட்டிலுக்குள் அடுக்கினோம். சாடித் தட்டுகளுக்கு மணல் நிரப்பினோம்.

ஒரு பரலை மட்டும் யோகமக்கா விடவில்லை. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பீலிக்குக் கீழே திரும்ப வைத்து, தன்னுடைய நைலெக்ஸ் சேலை ஒன்றில் பாதியைக் கிழித்து நாலாக மடித்து வாயைப் போர்த்தி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டினா. மழை உள்ளே போகும், நுளம்பு போகாது. விரலால் குத்தி, இழுத்து, நாலு பக்கமும் பார்த்தா. மிச்சச் சேலையை மஞ்சள் அறை யன்னலுக்குச் சட்டம் போட்டு அடித்தார் குலண்ணை. வெளியில் இருந்து பார்த்தால் யன்னல் ஊதாப்பூச் சேலை உடுத்திருந்தது. கட்டிலுக்கு நேரே ஒரு காற்றாடியும் வைத்தார்கள். காற்று இருந்தால் நுளம்புக்குப் பறக்கக் கஷ்டம், அதற்குக் காசு கொடுத்துத் தைலம் வாங்கியிருக்கத் தேவையில்லை.

உடனே நிற்கவில்லை. ஏற்கெனவே பறந்தவை இருந்தன. நாளாக நாளாகக் குறைந்தது. ஆவணி நடுவில் ஒரு பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் வெளியே இருந்து தேத்தண்ணி குடித்து முடித்தோம், ஒருத்தரும் காலில் அடித்துக்கொள்ளவில்லை. குலண்ணை புல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அப்போதுதான் வீடு சுகமாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

ஆனால் யோகமக்கா மகளை வா என்று கூப்பிடவில்லை. டெலிபோனில் சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவா. கேட்டு அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னா. பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், அங்கேயும் கேட்கவில்லை. நுளம்பு எதற்குள் இருந்து வந்தது என்று குலண்ணை மட்டும் மகளிடம் மெல்லச் சொல்லி வைத்தார். ஸ்ட்ரோம்மன் வீட்டுக்கு என்று சரக்குக்கறி வைத்து ஏனத்தில் போட்டு, மூடி இறுக்கி, மேசையில் வைத்துக்கொண்டு இருந்தா. வேலைக்கு லீவு போட்டு இருந்த அன்றைக்குத்தான் சயூரனின் கார் வந்து நின்றது. நானும் அங்கேதான் இருந்தேன், ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்ட்ரோம்மன் போகிற வழியில் உடுப்பு எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம்.

தனுஷா இறங்கி வீட்டுக்குள் வரவில்லை. மெல்ல நடந்து பின்பக்கம் போனாள். மதிலோரம் பார்த்தாள். பீலி மூலையைப் பார்த்தாள். சாடிகளுக்குக் கீழே பார்த்தாள். பிறகு சேலை கட்டின ஒற்றைப் பரலடியில் வந்து நின்றாள். அந்தச் சேலையை அவளுக்குத் தெரியும். அவளுடைய பள்ளிக்கூட முதல்நாள் படத்தில் தாய் உடுத்தியிருக்கிற சேலை.

"அம்மா, வாளியள் எங்கை?"

"எடுத்தாச்சு."

"தண்ணி?"

"மரத்துக்கு விட்டிட்டன் பிள்ளை. வேண்டாம் உது."

தனுஷாவுக்குத் தாயைத் தெரியும். பல் விளக்கும்போது குழாயைப் பூட்டு பூட்டு என்று கேட்டு வளர்ந்தவள். அவள் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காரைப் பார்த்துச் சயூரனுக்குச் சொன்னாள்.

"எல்லாப் பையையும் இறக்குங்கோ. தொட்டில் உள்ளை கிடக்கு."

முப்பத்தோராம் நாள் நானும் போனேன். ஐயர் வந்து புண்ணியதானம் செய்து துடக்குக் கழித்துப் போன பிறகு யோகமக்கா சேலையை அவிழ்த்துப் பரலைத் திறந்தா. தண்ணி அடிமட்டம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. மகள் சொன்னபடி துணியில் வடித்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பெரிய தாச்சியில் கொண்டுவந்தா. வாசலில் வெயிலுக்குக் காலை நீட்டி இருந்து, பேத்தியைக் காலில் கிடத்தி, உள்ளங்கையால் அள்ளி அள்ளித் தலைக்கு வார்த்தா. பிள்ளையின் நெற்றியில் ஒரு கடித்தடம் இல்லை. பிள்ளை கத்தவும் இல்லை, கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

தண்ணி அவவின் காலால் ஓடி, வாசல்கல்லில் விழுந்து, புல்லுக்குப் போனது. குலண்ணை பழக்கத்தில் ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைக்கக் குனிந்தார்.

"வேண்டாம் விடுங்கோ" என்றா யோகமக்கா. "போகட்டும்."